நஸீஹாவின் ஐந்தாம் அத்தியாயம்

இணையவழி முதுமாணிப் பட்ட மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதக் கற்பிக்கும் வேலைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். பக்கத்தின் ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, உசாத்துணைப் பட்டியலை எப்படி அடுக்குவது, அட்டவணையின் தலைப்பு மேலே வருமா கீழே வருமா என்பவற்றுக்கெல்லாம் கைந்நூல் இருக்கிறது. ஓய்வு பெறும்போது அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். சந்தேகம் வந்தால் அதைப் பாருங்கள்.

கைந்நூலில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மாணவருடைய எழுத்தில் நாம் எதுவரை கை வைக்கலாம் என்று உங்களில் ஒருவர் போனில் கேட்டார். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு ஓட்டமாவடியில் ஒரு வீடு ஞாபகம் வருகிறது. அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். விதி ஏதும் கிடைத்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாணவர்களை நாம் நேரில் காண்பதில்லை. பாடசாலை ஆசிரியர்கள், தாதிமார், பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவர்கள். பகல் முழுக்க உழைத்துவிட்டுச் சூமில் வந்து உட்காருவார்கள். கமெராவை மூடியிருப்பார்கள். பின்னால் பிள்ளை அழும். உன்னிச்சையிலிருந்து ஒருவர் சிக்னல் தேடிக் குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வகுப்பில் இருப்பார். "மிஸ், யானை வெளிக்கிட்டிட்டு, நான் போறன்" என்று பாதியில் மறைந்துவிடுவார். என் பக்கமும் பெரிய ஒழுங்கு இல்லை. நான் இருப்பது அமிர்தகழி. மாமாங்கத் திருவிழா தொடங்கினால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் மேற்கோள் குறியைப் பற்றி யாருக்கும் எதுவும் விளங்காது.

நகரத்தில் ஆய்வேடு எழுதிக் கொடுக்கிற ஆட்கள் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அப்படி வந்ததைப் பிடிப்பது லேசு. போன கிழமை ஒரு பந்தி எழுதத் தடுமாறியவர் இந்தக் கிழமை நூறு பக்கம் கொண்டு வருவார். திருப்பி அனுப்புவோம், ஏசுவோம், அதோடு முடிந்தது. நான் சொல்லப் போகும் விஷயத்தில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. அதனால்தான் அது இன்னும் என்னை விடவில்லை.

நஸீஹா ஓட்டமாவடியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கல்வியியல் முதுமாணிக்குப் பதிந்திருந்தார். தாய்மார் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் எழுத்தை எப்படிக் கற்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. வகுப்பில் கேள்வி கேட்க மாட்டார். வகுப்பு முடிந்த பிறகு வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார். "மிஸ், நேரம் இருந்தா கேளுங்க, இல்லாட்டிப் பரவாயில்ல" என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும்.

ஆய்வு முறை பற்றிய மூன்றாம் அத்தியாயத்தில், ஆய்வாளர் தன் நிலை என்ன என்று சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நஸீஹா அந்தப் பகுதியை வெறுமையாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"அதுல எழுதினா எங்கட உம்மாட கதைதான் மிஸ் வரும். எனக்கு அஞ்சு வயசில உம்மா குவைத்துக்குப் போனவ. நான் எட்டாம் ஆண்டு படிக்கக்குள்ளதான் ஒரேயடியா வந்தவ. அது உம்மாட விஷயம். தீசிஸுல போட ஏலா."

"கதையை எழுத வேணாம் நஸீஹா. வாசிக்கிற ஆளுக்கு நீங்க எங்கயிருந்து பாக்கிறீங்க எண்டு தெரியணும். ஒரு வசனம் காணும்."

அடுத்த நாள் அந்த ஒரு வசனம் வந்தது: "ஆய்வாளரும் சிறுவயதில் இத்தகைய பிள்ளையாக இருந்தவர்." அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. நான் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

நான்காம் அத்தியாயம், அவருடைய கண்டுபிடிப்புகள், வந்தபோது நான் திருத்துகிற ஆளாக இல்லாமல் வாசிக்கிற ஆளாகிவிட்டேன். பிள்ளைகளுக்கு 'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார். ஒரு பையன் வீட்டில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாக எழுதியிருந்தான். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, இரும்புக் கேற், தண்ணீர் வடிகட்டி. கட்டுரையில் ஓர் ஆள் இல்லை. ஒரு சிறுமி தன் வீட்டை எழுதவே இல்லை. தாய் கட்டாரில் வேலை செய்யும் வீட்டைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். அந்த வீட்டுக் குசினியில் எந்த அலுமாரியில் எது இருக்கும், அந்த வீட்டுப் பிள்ளை எதைச் சாப்பிட மறுக்கும் என்று எல்லாம் தெரிந்திருக்கிறது. தாய் ஒவ்வொரு நாளும் போனில் சொல்வதை வைத்து எழுதியிருக்கிறாள். வகுப்பிலேயே பிழையில்லாமல் எழுதுகிற பிள்ளை அவள்தான்.

நஸீஹாவின் மேற்பார்வையாளர் வெளியூரில் இருந்தார். திறமைசாலி, நிறைய மாணவர்களைப் பொறுப்பேற்றிருந்தார். "தாயின் பிரிவு பிள்ளையின் எழுத்துக் கற்றலைப் பாதிக்கிறது" என்று தெளிவாக எழுதும்படி அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நஸீஹா 'பாதிக்கலாம்' என்றே எழுதினார். என்னிடமும் முறையிட்டார்.

"சேர் 'பாதிக்குது' எண்டு எழுதச் சொல்றார் மிஸ். நான் பார்த்த புள்ளைகள்ல சிலதுக்குப் பாதிச்சிரிக்கு. சிலது உம்மாக்குச் சொல்லணும் எண்டே எழுதப் பழகியிரிக்கு. தாய் ஊட்டுல இருந்தும் ஒரு எழுத்தும் வராத புள்ளைகளும் என்ட வகுப்பில இரிக்கிதுதானே?"

"அப்ப அதையே எழுதுங்க. கண்டதை எழுதுங்க."

"ஓம் மிஸ். ஆனா கடைசி அத்தியாயத்தில ஏதாச்சும் ஒண்டு சொல்லத்தானே வேணும்."

அந்தக் கடைசி அத்தியாயம்தான் முடிவுரையும், இனி என்ன செய்யலாம் என்று சொல்லும் விதப்புரைகளும். அதற்குப் போவதற்கு முன்பே அவர் வகுப்புக்கு வருவது குறைந்துவிட்டது. சில வாரம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. வயிற்றில் கட்டி என்றும், கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருவதாகவும், ஒத்திவைக்க மனமில்லை என்றும் சொன்னார். குரலில் பதற்றம் இல்லை. கடைசியில் மட்டும், "விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது மிஸ், டைப் பண்ணினா எழுத்து ஒண்டும் நேரா விழுதில்ல" என்றார்.

பக்க எண், பொருளடக்கம், பட்டியல், ஓரம் எல்லாவற்றையும் நானே செய்து தருகிறேன் என்றேன். அது தச்சு வேலை மாதிரி, யார் செய்தாலும் எழுதியவர் மாறப்போவதில்லை. திருத்தங்களை அவர் சொல்லச் சொல்ல அவருடைய கணவர் அன்சார் தட்டச்சு செய்தார். அன்சாருக்கு வாழைச்சேனையில் ஒரு சிறிய துணிக்கடை. கடையைப் பூட்டிவிட்டு வந்து மனைவியின் கட்டிலருகில் இருந்து தட்டச்சு செய்வார். அவர் தானாக ஒரு சொல்லையும் சேர்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சில இடங்களில் "இதுல 'ம்ம்' எண்டுட்டு நிப்பாட்டிட்டா" என்றுகூட அடைப்புக்குறிக்குள் எழுதி அனுப்புவார்.

கடைசி முறை கொழும்பிலிருந்து வந்த பிறகு, இனிப் போக வேண்டியதில்லை என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டதாக அன்சார் எனக்கு அறிவித்தார். நான் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஏறாவூர் தாண்டி, கிரான் தாண்டி, வாழைச்சேனையில் இறங்கி, பாலத்தைக் கடந்து ஓட்டோவில் போனேன். அதுதான் நான் நஸீஹாவை முதன்முதலில் நேரில் கண்டது. முக்காட்டுக்குள் முகம் ஒரு சிறுமியின் முகம் அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். அவருடைய உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். நஸீஹா அவரைப் பார்த்து, "உம்மா, அடுப்புல என்னமோ கருகுது" என்றார். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

உம்மா எழுந்து போனதும் நஸீஹா மெதுவாகச் சொன்னார். "மிஸ், சேர் விதப்புரை என்னென்ன வரணும் எண்டு எழுதி அனுப்பியிரிக்கார். முதலாவது, சின்னப் புள்ளைகள் உள்ள தாய்மார் வெளிநாடு போறதத் தவிர்க்கணும். அத எழுத ஏலா மிஸ்."

"உம்மாக்காகவா?"

"தெரியல்ல. புள்ளைகள் எழுதினதப் பாத்தாலும் அப்பிடி வருதில்ல. நான் அப்பிடிப் பாக்காம விடுறனா எண்டும் தெரியல்ல." பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நீங்களே எழுதித் தாங்களன் மிஸ். ஆருக்குத் தெரியப்போகுது" என்றார்.

இப்படி ஒருவர் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எழுதியிருந்தால் நன்றாகவே எழுதியிருப்பேன். எத்தனையோ முடிவுரைகள் பார்த்தவள்.

"நீங்க சொல்லுங்க, நான் டைப் பண்றன்" என்றேன். "நீங்க சொல்லாத வசனம் ஒண்டும் இதுக்குள்ள வராது."

அவர் சொல்லத் தொடங்கினார். ஒரு பந்தி, பிறகு இன்னொரு பந்தி. தன் ஆய்வு ஒரே பாடசாலைக்குள் அடங்கியது, இதை வைத்து எல்லாத் தாய்மாரையும் பற்றிப் பேச முடியாது என்றார். பிள்ளைகள் எழுதுவதைக் கேட்பதற்கு யாராவது ஒருவர் இருப்பதுதான் எல்லாக் கட்டுரைகளிலும் தெரிகிறது என்றார். மூன்றாம் பந்தியைத் தொடங்கி, "தாய் அருகில் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை செய்ய வேண்டியது" என்று சொல்லி நிறுத்தினார். நான் காத்திருந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது. "இத நாளைக்குச் சொல்றன் மிஸ். இன்னம் சரியா வருதில்ல" என்றார்.

நாளை வரவில்லை. வலிக்கு மருந்து கூட்டியதால் பேச்சு குழம்பிவிட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் அன்சாரிடமிருந்து செய்தி வந்தது, நஸீஹா மௌத்து என்று. நான் போய்ச் சேருவதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள்.

இதுவரை நான் பெரிய தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இனிமேல்தான் வருகிறது.

மேற்பார்வையாளர் அழைத்தார். உண்மையாகவே கலங்கியிருந்தார். "மெடம், அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது பட்டம் கிடைக்கணும். பதிவுக்காலம் முடியப்போகுது. நான் அஞ்சாம் அத்தியாயத்தை எழுதி முடிச்சிட்டன். அவட கருத்துகளைத்தான் ஒழுங்குபடுத்தியிருக்கிறன். நீங்க போர்மட் பண்ணி முன்னுக்கு உள்ளதோட சேர்த்துத் தாங்க, நான் கையெழுத்து வைக்கிறன்."

அத்தியாயம் மின்னஞ்சலில் வந்தது, நாலு பக்கம். நல்ல எழுத்து. உபதலைப்புகள் சரி, மேற்கோள்கள் சரி. முதலாவது விதப்புரை, சிறுபிள்ளைகள் உள்ள தாய்மார் தொழில் நிமித்தம் வெளிநாடு செல்வதைத் தவிர்க்க வேண்டும் என்பது. அதற்குக் காரணமாக, இத்தகைய பிள்ளைகளிடம் தாயின் பிரிவால் வந்த குறை வாழ்நாள் முழுவதும் தங்கிவிடுகிறது என்று ஒரு வசனம். நான் மூன்றாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். 'ஆய்வாளரும் சிறுவயதில் இத்தகைய பிள்ளையாக இருந்தவர்.' இரண்டையும் ஒரே அட்டைக்குள் போட்டால், ஒரு மகள் தன் தாயைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன கடைசி வார்த்தையாக அது இருக்கும். மேற்பார்வையாளருக்கு அந்தத் தாயைத் தெரியாது. அவர் அதை நினைத்தே இருக்க மாட்டார்.

என்னிடம் கேட்கப்பட்டது சின்ன வேலைதான். வெட்டி ஒட்டி, தலைப்புகளுக்கு இலக்கமிட்டு, பொருளடக்கத்தைப் புதுப்பித்தால் முடிந்தது. நான் எழுதவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. போர்மட் மட்டும்தான். நம் தொழிலில் இப்படித்தான் வரும் பிள்ளைகளே. பெரிய பாவம் எதையும் செய்யச் சொல்லி ஒருவரும் நம்மிடம் வருவதில்லை.

நான் அதைச் செய்யாமல் மறுபடியும் ஓட்டமாவடிக்குப் போனேன்.

அன்சார் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நஸீஹாவின் மகள் பாடசாலைக்குப் போயிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சேர் எழுதியதையும் நஸீஹா சொல்லி நான் தட்டச்சு செய்ததையும் அவரிடம் காட்டினேன். அவர் இரண்டையும் நிதானமாக வாசித்தார்.

"இதுல என்ன பிழை மிஸ்? ஊரே சொல்றதத்தானே சேர் எழுதியிரிக்கார்."

"நஸீஹா இதை எழுத ஏலா எண்டு என்னட்டச் சொன்னவ."

"என்னட்டச் சொல்லல்லியே. நான்தானே பக்கத்தில இருந்து டைப் பண்ணினன்." அவர் குரல் உயர்ந்தது. "மௌத்தாப்போன ஆளுக்கு ஆரும் இஞ்ச அநியாயம் செய்யல்ல. உதவிதான் செய்றாங்க. தீசிஸ் ஆரு மிஸ் வாசிக்கிற? லைப்ரரியில தூசி பிடிச்சுக் கிடக்கும். பட்டம் எண்டா என்ட புள்ளை பாக்கும். உம்மா அவ்வளவு வருத்தத்திலயும் படிச்சு முடிச்சவ எண்டு சொல்லலாம். அத நீங்க பறிக்கப் போறீங்களா?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது உள்ளறை வாசலில் உம்மா நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"அதுல என்னப் பத்தி எழுதியிரிக்காமே?" என்றார்.

"உங்களைப் பத்தி இல்ல உம்மா. பொதுவா."

"வாசிங்க மிஸ்."

வாசித்தேன். மேற்பார்வையாளரின் முதலாவது விதப்புரையையும் அதன் காரணத்தையும். சும்மா மேலோட்டமாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதால் முடியவில்லை.

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "போடுங்க" என்றார். "எனக்கென்ன. புள்ளைக்குப் பட்டம் கிடைக்கட்டும். நான் போனதுதானே."

"அவ அப்பிடி நினைக்கல்ல உம்மா. எழுதமாட்டன் எண்டு சொன்னவ."

"எனக்காகச் சொல்லியிருப்பா மிஸ். என்ட மனசு நோகும் எண்டு. அவட மனசுக்குள்ள என்ன கிடந்ததெண்டு உங்களுக்குத் தெரியுமா?" அவர் அழவில்லை. பேச்சு வேறு எங்கோ போனது. "அந்த நாளையில போன் இல்லதானே. கெசட்டுல பேசி அனுப்புவன். அங்கயிருந்து ஊருக்கு வாற ஆக்களிட்டக் குடுத்துவிடுவன். இவட வாப்பா பதில் பேசி அனுப்புவார். 'நஸீஹா, உம்மாக்கிட்டப் பேசு' எண்டு அவர் சொல்றது கேக்கும். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்ல. அவட மூச்சு மட்டும் கேக்கும். அந்த இடத்தத்தான் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேப்பன். ஒரு கெசட்டுலயும் அவ பேசல்ல."

அன்சார் எழுந்து வெளியே போய்விட்டார்.

உம்மாவே போடச் சொல்லிவிட்டார். கணவர் கேட்கிறார். மேற்பார்வையாளர் கையெழுத்து வைக்கத் தயார். இன்னும் என்ன வேண்டும் எனக்கு? இதை நான் பலமுறை என்னிடமே கேட்டிருக்கிறேன். நஸீஹா உம்மாவுக்காக அப்படிச் சொன்னாரா, பிள்ளைகளின் எழுத்தைப் பார்த்துச் சொன்னாரா என்பது அவருக்கே தெரியாது. என்னிடம் அப்படித்தான் சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவர் யோசித்துக்கொண்டிருந்தார், முடிவுக்கு வரவில்லை. வராத முடிவை அவர் பெயரில் எழுதினால், அது தாயை வைதாலும் சரி, தாயைத் தேற்றினாலும் சரி, நஸீஹாவின் வாயில் நாம் வைக்கும் பேச்சுத்தான்.

உம்மாவிடம் நான்காம் அத்தியாயத்தில் கட்டார் வீட்டை எழுதிய அந்தச் சிறுமியின் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். குவைத்தில் தான் வேலை செய்த வீட்டுக் குசினியை உம்மா எனக்குச் சொல்லத் தொடங்கினார். பஸ்ஸுக்கு நேரமாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறுதல் அடைந்தார் என்று சொல்ல முடியாது. பேசினார், அவ்வளவுதான்.

வெளியே அன்சார் கேற்றைப் பிடித்தபடி நின்றார். "அன்சார், சேர் எழுதினதை நான் சேர்க்கமாட்டன்" என்றேன்.

"அப்ப நாங்க வேற ஆளப் பிடிக்கிறம் மிஸ்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மேற்பார்வையாளரை அழைத்தேன். நஸீஹா எனக்கு என்ன சொன்னார் என்பதையும், அந்தத் தாய் யார் என்பதையும் சொன்னேன்.

"நான் நல்லதுக்குத்தான் செய்தன் மெடம்."

"தெரியும் சேர். நானும் நல்லதுக்கெண்டுதான் இதைச் சொல்றன்."

"இடையில நிண்ட ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகச் சபையும் ஏற்காது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

அவர் தன் அத்தியாயத்தை மீளப் பெற்றுக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்சார் விரும்பியபடியே காரியம் நடந்திருக்கும். அதை நடக்காமல் செய்தது நான்தான். இதை மறைத்து உங்களுக்கு எழுதினால் இந்தக் கதையால் பயனில்லை.

நஸீஹா விட்ட இடத்தோடு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தோம். மூன்றாம் பந்தியின் முடியாத வசனம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ஆய்வாளர் இவ்விடத்தில் காலமானார், இதன் பின்னர் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று நான் ஒரு குறிப்பு இட்டேன். நிலைமையை விளக்கி, கருணையோடு பரிசீலிக்கும்படி மேற்பார்வையாளர் ஒரு கடிதமும் இணைத்தார்.

பரீட்சகர்களின் அறிக்கை வர நெடுநாள் எடுத்தது. வந்த அன்று பகல் அன்சார் எனக்கு அழைத்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் தடவை.

"அவட போன் என்னட்டத்தானே மிஸ் இரிக்கி. அதுக்கு ஈமெயில் ஒண்டு வந்திரிக்கி. வாசிக்கட்டா?"

நான் எதுவும் சொல்வதற்கு முன் வாசிக்கத் தொடங்கினார். "அன்பின் மாணவருக்கு. தங்கள் ஆய்வேட்டின் இறுதி அத்தியாயம் பூர்த்தியற்றதாகக் காணப்படுகிறது. கீழ்க்காணும் திருத்தங்களை மேற்கொண்டு, உரிய காலத்தினுள் மீளச் சமர்ப்பிக்குமாறு..." அதற்கு மேல் வாசிக்கவில்லை. எந்தத் தனி ஆளும் அதை எழுதியிருக்க மாட்டார். கணினி முறைமை தானாக அனுப்பிய கடிதம்.

"நாலு பக்கம் மிஸ்" என்றார் அன்சார். "நாலு பக்கம் போட விட்டிருந்தா இந்தக் கடிதம் அவவுக்கு வந்திராது."

போனை வைத்துவிட்டார். அவர் என்னோடு பேசியது அதுதான் கடைசி.

தவறுதலாகக் கடிதம் போனதற்கு அலுவலகம் வருத்தம் தெரிவித்தது. சபை கூடியது. முதுமாணி வழங்க முடியாது என்று தீர்மானித்தது. முடித்த பாடங்களுக்காகப் பட்டப்பின் டிப்ளோமா வழங்கியது. அதைப் பெற்றுக்கொள்ளப் பட்டமளிப்பு விழாவுக்கு அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. தபாலில் அனுப்பினார்கள்.

உங்களில் யாராவது, அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் அத்தியாயத்தைச் சேர்த்திருப்பேன் என்று நினைக்கலாம். நினைப்பதில் பிழை இல்லை. அன்றைக்கு என் முன்னால் அன்சார் நின்றதுபோல உங்கள் முன்னாலும் ஓர் ஆள் நிற்பார். அவர் கேட்பது நியாயமாகவே இருக்கும். அந்த நேரத்தில் கைந்நூலைத் திறக்காதீர்கள். மாணவர் உங்களிடம் என்ன சொன்னார், எதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். பிறகு உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்துவிட்டு, அதனால் யாருக்கு என்ன போயிற்று என்பதைத் திரும்பியும் பாருங்கள். நான் பார்த்தேன். அந்த வீட்டில் ஒரு மகளுக்குக் காட்டுவதற்குப் பட்டம் இல்லை.

நஸீஹாவின் ஆய்வேட்டை என் செலவில் அட்டை கட்டுவித்து, அன்சார் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உம்மாவிடம் கொண்டுபோனேன். உம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அட்டையில் இருந்த மகளின் பெயரை விரலால் தடவி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "எங்க நிப்பாட்டியிரிக்கா?" என்று கேட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"தாய் அருகில் இல்லாத பிள்ளைக்குப் பாடசாலை செய்ய வேண்டியது." மெல்ல, மூச்சு வாங்கி வாங்கி அவரே வாசித்து முடித்தார். அதற்குக் கீழே நான் இட்ட குறிப்பு மட்டும் இருந்தது, மிச்சப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

"என்னண்டு சொல்லல்லியா?"

"இல்ல உம்மா. நாளைக்குச் சொல்றன் எண்டவ."

அவர் புத்தகத்தை மூடி மடியில் சிறிது நேரம் வைத்திருந்தார். பிறகு எடுத்து என் கையில் தந்தார்.

"கொண்டு போங்க மிஸ். ஊட்டுல இருந்தா மருமகன்ட கண்ணுல படும். உங்களிட்ட இரிக்கட்டும்."

பையில் வைத்துக்கொண்டு பாலத்துப் பக்கமாக நடந்தேன். ஓட்டோ ஒன்று நிறுத்திக் கேட்டது, வேண்டாமென்றேன். வாழைச்சேனை வரை நடந்தே போய் பஸ் ஏறினேன்.

அது இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.